மாதவிலக்கு 15 நாள் நீடிக்கிறது. வயதுதான் காரணமா?

கேள்வி: எனக்கு 43 வயது, இரண்டு பிள்ளைகள். முன்பெல்லாம் 5 நாளில் முடிந்துவிடும் மாதவிலக்கு, ஆறு மாதமாக 12 நாள், 15 நாள் என்று நீள்கிறது. கட்டி கட்டியாகவும் போகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைச் சாப்பிட்டால் நிற்கிறது. மாத்திரை முடிந்த மூன்றாம் நாளே திரும்ப ஆரம்பித்துவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. "நிற்கப்போகிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் அக்கா. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்வது டாக்டர்?

பதில்: எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, எழுந்து நின்றால் தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அந்த நிலை இல்லையென்றாலும் உங்களுக்கு மூச்சு வாங்குவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மாதக்கணக்கில் ரத்தம் போனால் உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பு முதலில் கரையும், ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் இறங்கும். அதனால் ஹீமோகுளோபினோடு, இந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது 12க்கு மேலே இருந்து ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தாலும் இரும்புச்சத்து போதவில்லை என்றுதான் அர்த்தம். களைப்பு, படபடப்பு, முடி கொட்டுவது, ஐஸ் கட்டியைக் கடிக்கத் தோன்றுவது எல்லாம் இதிலிருந்து வரக்கூடியவை. வீட்டு வேலை அதிகம், தூக்கம் போதவில்லை என்று இவற்றுக்கு வேறு காரணம் சொல்லிக்கொண்டே பல பெண்கள் நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

மாதவிலக்கு 8 நாளுக்குள் முடிவதும், 24 முதல் 38 நாளுக்கு ஒருமுறை வருவதும் இயல்பு. உங்களுக்கு அந்த எல்லை தாண்டி ஆறு மாதமாகிவிட்டது. "வயசு அப்படி" என்று அக்கா சொல்வது ஒருவேளை சரியாகவே இருக்கலாம். ஆனால் மற்ற காரணங்கள் எதுவும் இல்லை என்று பார்த்து முடித்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர முடியும். பார்க்காமலே சொல்லிவிடக் கூடாது.

நாற்பதுகளில் என்ன நடக்கிறது? சில மாதங்களில் கருமுட்டை வெளியாவதில்லை. முட்டை வெளியானால்தான் புரோஜெஸ்ட்ரான் போதிய அளவு சுரக்கும். கர்ப்பப்பையின் உட்சவ்வை நிலைப்படுத்தி, பிறகு ஒரே சீராக உதிர வைப்பது அந்த ஹார்மோன்தான். அது இல்லாதபோது ஈஸ்ட்ரோஜன் மட்டும் சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே போகிறது. தடித்த சவ்வு இன்று ஓரிடம், நாளை ஓரிடம் என்று துண்டு துண்டாக உதிர்வதால் ரத்தப்போக்கு நாள்கணக்கில் நீள்கிறது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது நோரெதிஸ்டிரோன் மாதிரி புரோஜெஸ்ட்ரான் வகையாக இருக்கலாம். அதை நிறுத்திய சில நாளில் ரத்தம் வரத்தான் செய்யும். தங்கியிருந்த சவ்வு அப்போதுதான் உதிர்கிறது. இது தெரியாமல் பயந்துபோய் மறுபடி மாத்திரை, மறுபடி ரத்தம் என்று சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். அந்த மாத்திரையில் தவறில்லை. காரணம் தெரியாமல் அதைத் தொடர்வதுதான் எனக்குக் கவலை.

ஏனென்றால் கர்ப்பப்பையிலேயே ஏதாவது இருக்கலாம். உட்புறம் துருத்தும் ஃபைப்ராய்டு கட்டி, உட்சவ்வில் வளரும் சிறு சதையான பாலிப், கர்ப்பப்பைத் தசைக்குள் சவ்வு ஊடுருவும் அடினோமயோசிஸ் மூன்றும் உங்கள் வயதில் சாதாரணமாகக் காண்பவை. காப்பர் டி போட்டிருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிட்டாலும் போக்கு கூடும். முதல் மாதவிலக்கிலிருந்தே அதிகமாகப் போய், பல் பிடுங்கினால்கூட ரத்தம் நிற்காத பெண்ணாக இருந்தால் பிறவியிலேயே உறைதல் குறைபாடு உண்டா என்று பார்ப்போம். எண்ணிக்கையில் குறைவு என்றாலும், விட்டுவிடக் கூடாதது உட்சவ்வில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கிறதா என்பது.

ஆகவே முதலில் கர்ப்பப் பரிசோதனை. 43 வயதிலும் அதைத் தவிர்க்க மாட்டோம், கூச்சப்பட வேண்டாம். அப்புறம் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, ஸ்கேன். கர்ப்பப்பை வாயையும் நேரில் பார்க்க வேண்டும். ஸ்கேனில் சவ்வின் தடிமனை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு அது நாளுக்கு நாள் மாறும். 45 வயதைத் தொட்டவர்களுக்கு உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்துத் திசுப் பரிசோதனை செய்வது வழக்கம். அதிக உடல் எடை, சினைப்பை நீர்க்கட்டி, மருந்துக்கு அடங்காத போக்கு என்று இருந்தால் அதற்கு முன்பே செய்வோம். உங்களுக்கு மாதக்கணக்கில் நீடிப்பதால் மருத்துவரிடம் நீங்களே இதைக் கேளுங்கள். பலருக்கு மயக்க மருந்துகூடத் தேவைப்படாது. சில நிமிடம் வலிக்கும், அவ்வளவுதான்.

சிகிச்சைக்கு நிறைய வழி இருக்கிறது. ரத்தம் போகும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் போக்கைக் குறைக்கும். கால் ரத்தக்குழாயிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் கூடாது. மெஃபெனமிக் ஆசிட் வலியையும் போக்கையும் சேர்த்துக் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. வலிக்கு ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், அது ரத்தப்போக்கைக் கூட்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயிலைப் பலர் கருத்தடைச் சாதனமாக மட்டுமே நினைக்கிறார்கள். அதிகப் போக்குக்கு மிக நல்ல சிகிச்சை அது. ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாகப் படும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். தெரியாதவர்கள் அவசரப்பட்டு எடுத்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலே உடல் நன்றாக ஏற்கும், வயிற்றுத் தொந்தரவும் குறையும். காபி, டீயோடு சேர்க்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும், சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் பிடிக்கும்.

கர்ப்பப்பையை எடுப்பது பற்றி: புற்றுநோய் இருந்தாலோ, பெரிய கட்டிகள் இருந்தாலோ, மற்ற வழிகள் பலிக்காமல் போனாலோ அது சரியான சிகிச்சைதான், நானும் பரிந்துரைப்பேன். ஆனால் அது பெரிய அறுவை சிகிச்சை. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு மெனோபாஸ் சற்று முன்கூட்டியே வரலாம். பாலிப்பாக இருந்தால் அதை மட்டும் கர்ப்பப்பை வாய் வழியாகவே நீக்கிவிட முடியும். வயிற்றில் தையலே இருக்காது. என்ன காரணம் என்று தெரியாத நிலையில், ஸ்கேன்கூட எடுக்காத நிலையில், இந்த முடிவைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டியதில்லை.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ரத்தம் பட்டுக்கொண்டிருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், அந்த நாட்களிலும் பரிசோதிக்க முடியும். ஆறு மாதமாக எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி எவ்வளவு பெரிது என்று நினைவுள்ளவரை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.