தேன் தொழில் பண்ற குடும்பத்துகிட்ட பிராக்டிக்கல் போகலாமா?

டிப்ளோமா கடைசி செமஸ்டர்ல 14 வாரம் பிராக்டிக்கல், கூட படிக்கிறவங்கல்லாம் பாக்டரிக்கும் ஆபீசுக்கும் போறாங்க, எனக்கு மட்டும் ஒரு குடும்பம் நடத்துற தேன் தோட்டத்துல இடம் கிடைச்சிருக்கு, போனா வேஸ்ட்டா போயிடுமான்னு கேட்டிருக்கீங்க. போங்க. நான் பட்டர்வொர்த் பையன், பினாங்குத் தீவுல இருக்குற பாலேக் பூலாவ்ல ஒரு தமிழ்க் குடும்பத்துகிட்ட அதே 14 வாரம் இருந்தேன், நவம்பர்ல போய் பிப்ரவரியில முடிச்சேன். அங்க கத்துக்கிட்டது இன்னைக்கும் என் வேலையில கூடவே வருது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

குடும்பம்னா மாமா, அத்தை, மாமாவோட அம்மா (எல்லாருக்கும் பாட்டி), அப்புறம் மாமா அத்தையோட மூத்த மகன், அவரை நான் அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். சொந்தக்காரங்க கிடையாது, மொத நாளே அத்தை "பசியாறிட்டியாப்பா"ன்னு கேட்டு உக்கார வச்சு தோசை போட்டாங்க, அதுலேருந்து உறவுமுறை தானா வந்துடுச்சு. ரம்புத்தானும் ஜாதிக்காயும் கலந்து நிக்கிற தோட்டம், அதுல கெலுலுட்ங்கிற கொட்டாத தேனீ குடியிருக்குற மரக்கட்டை ஒரு 40, பெட்டியில அடுக்கடுக்கா அடை கட்டுற அடுக்குத் தேனீ பெட்டி ஒரு 25.

மொத மாசம் நான் தேனே எடுக்கல. இதைத் தெரிஞ்சுக்கிட்டு போங்க. நவம்பர்ல பினாங்குல மழை, பூ கொட்டிப் போயிடும், தேனீ வெளிய போக முடியாது, அதனால அடுக்குத் தேனீக்கு சீனித்தண்ணி காய்ச்சி வைக்கணும், இல்லன்னா பசி தாங்காம மொத்தக் கூட்டமும் ஒரு நாள் காலையில பெட்டியை விட்டுட்டு கிளம்பிடும், இந்த ஜாதித் தேனீ அந்த விஷயத்துல ரொம்ப ரோஷக்காரங்க. ஸ்டாண்டு கால் நாலையும் பழைய எண்ணெய் ஊத்துன டின்ல நிக்க வச்சிருப்பாங்க, மழைத்தண்ணி ரொம்பி எண்ணெய் வழிஞ்சிடுச்சான்னு தினம் பாக்கணும், இல்லன்னா எறும்பு ஏறிடும். மெழுகுப் பூச்சி வந்த பழைய அடையை எடுத்து எரிக்கணும். பாட்டில் கழுவிக் காய வைக்கணும், ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் அத்தை திருப்பிக் கொடுத்துடுவாங்க. இதெல்லாம் லாக்புக்ல எழுத ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா எழுதுங்க, மாமா ஒரு பெட்டியைத் திறக்காமலே வாசல்ல நின்னு போக்குவரத்தைப் பாத்தே உள்ள ராணி இருக்கா இல்லையான்னு சொல்லிடுவாரு, காலுல மகரந்தம் ஒட்டிக்கிட்டு வருதுன்னா உள்ள வளக்குறதுக்கு புழு இருக்குன்னு அர்த்தம்னு அப்பதான் எனக்குப் புரிஞ்சுச்சு.

கொட்டு வாங்கத்தான் செய்வீங்க. கொட்டுன உடனே நகத்தால சுரண்டி கொடுக்கை எடுத்துடணும், அது பிஞ்சு வந்தப்புறமும் விஷம் இறக்கிக்கிட்டேதான் இருக்கும். கொட்டுன எடத்துலேருந்து ஒரு வாசனை வரும், வாழைப்பழ வாசனை மாதிரி, மத்த தேனீக்கு அது எச்சரிக்கை மணி, அதனால பெட்டி திறக்குற அன்னைக்கு காலையில பீசாங் கோரேங் (வாழைப்பழப் பொரியல்) சாப்பிட விடமாட்டாங்க. தேங்காய் மட்டைப் புகை போடுறதும் அந்த வாசனையை மறைக்கத்தான். பாட்டி சுண்ணாம்பு தடவுவாங்க, எரிச்சல் கொறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஆனா ஒண்ணு, கொட்டு வாங்கி மூச்சு முட்டுனாலோ உடம்பு பூரா தடிச்சாலோ சுண்ணாம்பு தேடிக்கிட்டு நிக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

கெலுலுட்னா நம்ம ஊர்ல கொசுத்தேனீன்னு சொல்ற வகை, கொட்டாது, ஆனா தலைமுடிக்குள்ளயும் காதுக்குள்ளயும் பூந்து கடிக்கும், பிசின் ஒட்டிக்கிட்டு முடி சிக்காயிடும். எங்க தோட்டத்துல இருந்தது பெரும்பாலும் ஹெட்டரோட்ரிகோனா இதாமாங்கிற இனம், கருப்பா சின்னதா இருக்கும், கட்டையிலேருந்து மெழுகும் பிசினும் கலந்து ஒரு குழாய் வாசல் கட்டும். கட்டைக்குள்ள குடும்பம், மேல வச்ச பலகைப் பெட்டியில தேன். அறுகோண அறையெல்லாம் கிடையாது, சின்னச் சின்ன பானை மாதிரி பிசின்ல கட்டி அதுல ரொப்பி வச்சிருக்கும், நாம ஒவ்வொரு பானையா ஓட்டை போட்டு சின்ன பம்புல உறிஞ்சணும். பக்கத்துலயே மகரந்தப் பானையும் இருக்கும், அதுல குழாய் பட்டுட்டா தேன் சீக்கிரம் கெட்டுடும், அதனால கண்ணு அங்கயே இருக்கணும். எனக்கு ரொம்பப் புடிச்சது அதுங்க தனிக்குடித்தனம் போற விதம். அடுக்குத் தேனீயில பழைய ராணி ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு ஒரே நாள்ல கிளம்பிடும். கெலுலுட்ல பழைய ராணிக்கு வயிறு பெருத்து பறக்கவே முடியாது, அதனால இளசுதான் போகணும், அதுக்கும் முன்னாடி வேலைக்காரங்க புது வீட்டைப் பாத்து, தாய் வீட்டுலேருந்து பிசினும் சாப்பாடும் நாள்கணக்கா தூக்கிட்டுப் போய் வச்சு, எல்லாம் தயாரானப்புறம்தான் பொண்ணை அனுப்பும். பாட்டி இதைச் சொல்றப்ப சீர்வரிசை அனுப்புறதுன்னுதான் சொல்லுவாங்க.

இப்ப நான் பண்ணுன தப்பைச் சொல்றேன், ஏன்னா நீங்க போறதுக்கு முக்கிய காரணமே இந்த மாதிரி விஷயம்தான்.

ஜனவரியில மழை விட்டு வெயில் புடிச்சுது, பெட்டியெல்லாம் கனத்துடுச்சு. தைப்பூசம் வருது, அபிஷேகத்துக்கும் பஞ்சாமிர்தத்துக்கும் நிறைய பேர் தேன் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாமா ஒரு துக்கத்துக்கு சுங்கைப் பட்டாணி போயிட்டாரு, போறப்ப "மூடாத சட்டத்தைத் தொடாதீங்க"ன்னு மட்டும் சொன்னாரு, சட்டம்னா பெட்டிக்குள்ள தேனீ அடை கட்டுற மரச் சட்டம். தேனீ கொண்டு வர்ற பூச்சாறுல பாதிக்கு மேல தண்ணி, அதை றெக்கையால விசிறி விசிறி வத்த வச்சு, பதம் வந்தப்புறம்தான் மெழுகு மூடி போடும், அந்த மூடிதான் தேன் ரெடின்னு அதுங்க நமக்குச் சொல்ற சேதி. முக்கால்வாசி மூடியிருந்தா எடுக்கலாம்ங்கிறது மாமாவோட கணக்கு. நானும் அண்ணனும் ஆர்டர் நிறைய இருக்கேன்னு பாதிதான் மூடியிருந்த சட்டத்தையும் தேன் எடுக்குற மெஷின்ல போட்டு சுத்திட்டோம். தேன்ல எவ்வளவு தண்ணின்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல பாத்தா ஈரப்பதம் 25 சதவீதம். எங்க பெட்டியில நல்லா மூடுன சட்டமே 20, 21 காட்டும், உலக அளவுல கோடெக்ஸ்ங்கிற உணவுத் தரம் பொதுவா 20க்கு மேல போகக்கூடாதுங்குது, அப்ப 25ன்னா என்னன்னு பாத்துக்கோங்க. பத்து நாள்ல டிரம்மைத் திறந்தா மேல நுரை, கள்ளு வாடை.

அண்ணன் லேசா சூடு பண்ணி தண்ணியை வத்த வச்சுடலாம்னு சொன்னாரு, மாமா ஒத்துக்கல. தேனைச் சூடு பண்ணா அதுல இருக்குற என்சைம் போயிடும், சூட்டுல சர்க்கரை சிதைஞ்சு உண்டாகுற எச்எம்எஃப்னு ஒண்ணு ஏறிடும், லேப்ல டெஸ்ட் பண்ணா அந்த நம்பர்லயே மாட்டிக்கும், கிலோவுக்கு 40 மில்லிகிராம்தான் அளவு, நம்ம மாதிரி வெப்ப நாட்டுத் தேனுக்கு 80. அதெல்லாம் விட, ஏற்கனவே புளிச்சதை சூடு பண்ணி என்ன பிரயோஜனம்னு கேட்டாரு. சரி தேனீக்கே திருப்பிக் கொடுத்துடலாமான்னு நான் கேட்டேன், புளிச்ச தேன் அதுங்க வயித்துக்கு ஆகாதுன்னாரு. 11 கிலோவை தோட்டத்து மூலையில குழி வெட்டி ஊத்துனோம், நான்தான் வெட்டினேன். என் ரெண்டு மாச அலவன்ஸை விட அதிகமான சரக்கு அது. மாமா என்னைத் திட்டல, அண்ணனைத்தான் ரெண்டு வார்த்தை சொன்னாரு, "அவன் படிக்க வந்த புள்ள, நீ வீட்டுப் புள்ள"ன்னு. அது எனக்கு திட்டு வாங்குனதை விட வலிச்சுது, அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேருமே சரியா சாப்பிடல.

பெரிய கம்பெனியில இந்த மாதிரி ஒரு டிரம் போனா ரிப்போர்ட் எழுதி மூடியிருப்பாங்கன்னு நினைக்கிறேன். குடும்பத் தொழில்ல நஷ்டம் நேரா சாப்பாட்டு மேசைக்கு வந்துடும். அவங்க யாருமே உக்கார வச்சு பாடம் நடத்த மாட்டாங்க, ஆனா எதை எடுக்கக்கூடாது, யாருக்கு விக்கக்கூடாதுங்கிறதை பக்கத்துல நின்னு பாக்கலாம், நான் அந்த 14 வாரத்துல உருப்படியா கத்துக்கிட்டதுன்னா அதுதான்.

விக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல. ஒரு நாள் ஒரு வயசான அம்மா ஜார்ஜ்டவுன்லேருந்து வந்தாங்க, பேரன் பொறந்திருக்கான், சேனை வைக்கணும், சுத்தமான தேன் வேணும்னு. ரொம்ப ஆசையா வந்தவங்க. அத்தை உள்ள கூப்பிட்டு தண்ணி கொடுத்துட்டு, "அம்மா, ஒரு வயசு ஆகுறவரைக்கும் புள்ளை நாக்குல தேன் படவே கூடாதும்மா"ன்னு பொறுமையா சொன்னாங்க. எவ்வளவு சுத்தமான தேனா இருந்தாலும் பொட்டுலிசம் கிருமியோட வித்து அதுல இருக்கலாம், பெரியவங்க குடல் சமாளிச்சுக்கும், பச்சைக் குழந்தையோட குடல்ல அது முளைச்சு விஷம் விட்டுடும், காய்ச்சுனாலும் அந்த வித்து சாகாது. உள்ளேருந்து பாட்டி "நான் பெத்த நாலுக்கும் வச்சேன், என்ன கெட்டுப்போச்சு"ன்னு குரல் கொடுத்தாங்க, அத்தை மாமியாரை எதுத்துப் பேசுனதை நான் அன்னைக்கு ஒரு தடவைதான் பாத்தேன், "நாலும் நல்லா இருக்குறது நம்ம அதிர்ஷ்டம் அத்தே"ன்னாங்க. அப்புறம் அந்த அம்மாகிட்ட தங்க மோதிரத்தைச் சுத்தமா கழுவி தாய்ப்பால்ல தொட்டு உதட்டுல வைங்கன்னு சொல்லி அனுப்புனாங்க. இன்னைக்கு எங்க சொந்தத்துல யாருக்குக் குழந்தை பொறந்தாலும் நான் இதைச் சொல்லிடுவேன்.

வாங்க வர்றவங்ககிட்ட பேசுறதே ஒரு பாதி வேலை. தண்ணியில விட்டுப் பாப்பாங்க, தீக்குச்சியை முக்கிக் கொளுத்துவாங்க, எறும்பு வருதான்னு பாப்பாங்க, பேப்பர்ல சொட்டு விடுவாங்க. இது எதுவுமே நம்பக்கூடிய டெஸ்ட் இல்ல. கெலுலுட் தேன் இயல்பாவே தண்ணியா புளிப்பா இருக்கும், 2017ல வந்த மலேசியத் தரமே பச்சையா எடுத்த கெலுலுட் தேனுக்கு ஈரப்பதம் 35 சதவீதம் வரைக்கும் விடுது, அதைத் தண்ணியில விட்டா கரையத்தான் செய்யும், உடனே கலப்படம்னு முகத்துக்கு நேரா சொல்லுவாங்க. கரும்புச் சீனி, சோளப் பாகு கலந்ததை லேப்ல கார்பன் ஐசோடோப் பாத்துதான் கண்டுபிடிப்பாங்க. சீனித்தண்ணி கொடுப்பீங்களான்னு யாராவது கேட்டா மாமா மறைக்கவே மாட்டாரு, மழை மாசத்துல கொடுப்பேன், தேன் சட்டம் வைக்கிறதுக்கு முன்னாடி நிறுத்திடுவேன், இல்லன்னா சீனிப்பாகு தேன்ல வந்துடும்னு சொல்லிடுவாரு. அந்தப் பதிலைக் கேட்டுட்டு வாங்காம போனவங்களும் உண்டு. இனிப்பு நீர்க்காரங்க கெலுலுட் குடிக்கலாமான்னு ஓயாம கேப்பாங்க. 2020ல குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரங்க கெலுலுட் மாதிரி கொட்டாத தேனீயோட தேன்ல ட்ரெஹாலுலோஸ்னு மெதுவா செரிக்கிற ஒரு சர்க்கரை நிறைய இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அவங்க சோதிச்ச தேன்ல நம்ம ஊரு இதாமா தேனும் ஒண்ணு. அதுக்காக இது மருந்து ஆயிடாது, டாக்டரைக் கேளுங்கன்னுதான் அத்தை சொல்லி அனுப்புவாங்க, கூட ரெண்டு பாட்டில் வித்திருக்கலாம், விக்கல.

போறதுக்கு முன்னாடி சிலது பேசிக்கோங்க. எனக்கு மாசம் 400 வெள்ளி (ரிங்கிட்), மதியச் சாப்பாடு, அவ்வளவுதான், பணத்தை மொதல்லயே கேட்டுடுங்க, குடும்பம்னு ஆனப்புறம் கேக்க வாய் வராது. லாக்புக்ல யாரு கையெழுத்து போடுவாங்க, லெக்சரர் பாக்க வந்தா யாரு பேசுவாங்கன்னு எழுத்துல வாங்கிக்கோங்க. என்னோடதுல மாமா தமிழ்ல சொல்ல சொல்ல நான் மலாய்ல எழுதினேன், காலேஜ்ல ஏத்துக்கிட்டாங்க. மோட்டோ இல்லன்னா கஷ்டம், பாலேக் பூலாவ் வரைக்கும் பஸ் வரும், அங்கேருந்து தோட்டத்துக்குள்ள போறது தனிப் பாடு. பக்கத்துத் தோட்டக்காரங்க எப்ப மருந்து அடிப்பாங்கன்னும் கேட்டு வச்சுக்கோங்க, நான் இருந்தப்ப ஒரு காலையில சொல்லாம அடிச்சுட்டாங்க, பூ விரிஞ்ச நேரம், வாசல்ல செத்துக் கிடந்ததை அத்தை முறத்துல கூட்டி அள்ளுனாங்க, ஆறு பெட்டி போச்சு. சாயங்காலத்துக்கு மேல அடிச்சிருந்தா நிறைய தப்பிச்சிருக்கும், அதுக்கப்புறம் மாமாவே போய் அவங்ககிட்ட பேசி, அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு போன் போடுங்கன்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு.

தேதி உங்க கையில இருந்தா நவம்பர் கடைசியில தொடங்குற மாதிரி பாருங்க. மழையில பட்டினி கிடந்த பெட்டியே ஜனவரியில கனக்குறதை அப்பதான் பாக்க முடியும், மழை மாசம் மட்டும் போனா தேன் எடுக்குற சான்ஸே வராம போகலாம். வேற ஏதாவது கேக்கணும்னா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.