வீட்டில் ஒருவருக்குத் தொற்றுக் காமாலை வந்தால் சுகாதார நிலையத்துக்குச் சொல்லியே ஆக வேண்டுமா?

"சீசன் நேரம், வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும்" என்று கேள்வியோடு எழுதியிருக்கிறீர்கள். அறை வாடகைக்கு விடுபவர் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

சொல்லத்தான் வேண்டும். 1939-ல் வந்த பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. டாக்டருக்கு மட்டுமல்ல, விடுதி நடத்துபவருக்கும் குடும்பத் தலைவருக்கும்கூட அதில் பொறுப்பு உண்டு. நான் வக்கீல் இல்லை, ஷரத்து எண் கேட்டு யாரும் மல்லுக்கு வர வேண்டாம்.

எங்களுக்குப் பூம்பாறைப் பக்கம் பூண்டுக் காடு, மாடியில் இரண்டு அறை. ஒரு வருஷம் தேர் முடிந்து மாதம் ஒன்று இருக்கும், சின்னவனுக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி. நான்காம் நாள் கண் மஞ்சள். கொடைக்கானலில் ரத்தம் பார்த்து ஹெபடைடிஸ் ஏ, அதாவது அசுத்தத் தண்ணீரில் வரும் தொற்றுக் காமாலை என்றார்கள். மாமியார் கீழாநெல்லி அரைத்தார். கீழாநெல்லியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் "வெளியே மூச்சு விடாதே" என்று வீட்டுக்காரர் சொன்னதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்குப் போன் செய்துவிட்டேன்.

மறுநாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். அவர் முதலில் கேட்டது பையன் போன மாதம் எங்கே தண்ணீர் குடித்தான் என்பது. இந்தக் கிருமி உள்ளே போய் 15 முதல் 50 நாள் கழித்துத்தான் நோயைக் காட்டுமாம். கண் மஞ்சளாகும் முன்பே அடுத்தவருக்கும் பரவிவிடுமாம். அப்புறம் எங்கள் குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். கிருமியைக் கொல்லும் குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். தண்ணீர் நிறம் மாறவே இல்லை. ஊற்றிலிருந்து வரும் பைப்போடு நடந்தே போனோம். புதிதாகக் கட்டிய ஒரு காட்டேஜின் கழிவு வழியும் சாக்கடைக்குள் பைப் ஜாயின்ட், அதில் ரப்பர் டியூப் சுற்றிக் கட்டியிருந்தது. எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டில் காய்ச்சல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாருமே சொல்லியிருக்கவில்லை.

பைப்பை மேலே தூக்கிக் கட்டினார்கள், தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். நாங்கள் இரண்டு புக்கிங்கை ரத்து செய்து அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். எதிர்வீட்டு அக்கா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. ஊர்ப் பேரைக் கெடுத்தேன் என்று இங்கேயும் யாராவது எழுதுவார்கள். எழுதட்டும்.

ஊர்ப் பேர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் எங்கிருந்தோ வந்த பூண்டை மலைப்பூண்டு என்று கீழே விற்கிறார்கள். அதில் ஊர்ப் பேர் கெடுகிறதே, அதைக் கேட்க ஆள் இல்லை.

சரி, உங்கள் விஷயம். காமாலை எல்லாமே தொற்று இல்லை, பித்தப்பைக் கல் அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதனால் ரத்தம் பார்த்துவிடுங்கள். தொற்று என்றால் அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்லுங்கள். அவர் நம்பர் இல்லையென்றால் 104, அரசு சுகாதார உதவி எண். நோயாளி சமையல்கட்டுப் பக்கம் வர வேண்டாம், எல்லோருக்கும் கொதிக்க வைத்த தண்ணீர். போன இரண்டு மாதத்தில் தங்கியவர்கள் பெயர் இருக்கும் ரிஜிஸ்டரையும் எடுத்து வையுங்கள், வருகிறவர் கேட்பார்.