பதில்: வெளிய டேப்பைத் திறந்தா பேஸ்மென்ட் சுவர் நனையுது
நண்பரே, டேப்பை மூடியிருந்தா ஒண்ணுமில்ல, திறந்தா மட்டும் உள்பக்கம் சுவர் நனையுதுன்னு சொல்றீங்கல்ல, அப்போ அது வாஷர் பிரச்சனையே இல்ல, வாஷர் போனா மூடின பிறகும் வாய்லதான் சொட்டும். உங்களோடது ஃப்ராஸ்ட் ஃப்ரீ டைப் (குளிர்ல உறையாம இருக்க நீளமான குழாயோட வர்ற டேப்), வால்வு சுவருக்கு உள்பக்கம் இருக்கும், அதனால திறந்தா மட்டும்தான் வால்வுக்கு அந்தப் பக்கம் இருக்கிற குழாய்க்குத் தண்ணி வரும், அனேகமா குளிர்காலத்துல ஹோஸைக் கழட்டாம விட்டிருப்பீங்க (நானும் ஒரு வருஷம் அதேதான் பண்ணேன்), தண்ணி வடிய வழியில்லாம உறைஞ்சு குழாயைப் பிளந்திருக்கும். ஒட்டெல்லாம் போடாதீங்க, மொத்தமா மாத்திடுங்க. மெயின் வால்வை மூடிட்டு பழசைக் கழட்டி அளந்து அதே நீளத்துல வாங்குங்க, மாட்டும்போது வெளிப்பக்கமா லேசா சரிவு இருக்கணும், இல்லன்னா தண்ணி தங்கி திரும்ப வெடிக்கும். சால்டர் பண்றதா (சூடாக்கி ஈயப்பற்று வைக்கிறதா) இருந்தா ஸ்டெம்மை, அதாவது கைப்பிடியோட சேர்ந்து திரும்புற உள்தண்டை, முன்னாடியே உருவிடுங்க, இல்லன்னா சூட்டுல அதுல இருக்கிற ரப்பர் வாஷர் கெட்டுப்போயிடும்.