சிலுவையும் அரபு எழுத்தும் ஒரே காசில் இருக்கலாமா?

உங்களிடம் உள்ள பழைய செம்புக் காசில் இரண்டும் இருப்பதால் அது போலியோ என்று கேட்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து இருக்கலாம், அதனால் மட்டும் அது போலி ஆகிவிடாது. நேர்முகமாகப் பார்க்கும் பேரரசர், கையில் சிலுவை பதித்த கோளம், பின்புறம் பெரிய ‘எம்’ என நீங்கள் விவரிப்பது, உமையா கலீஃபாக்கள் காலத்தில் சிரியாவின் ஹிம்ஸ் நகரில் அச்சான ஃபல்ஸ் என்ற செம்புக் காசு வகையுடன் பொருந்துகிறது. ‘எம்’ என்பது பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசில்) நாற்பது நும்மி (அங்கிருந்த சிறு நாணய அலகு) மதிப்பைக் குறித்த கிரேக்க எண். மக்களுக்குப் பழகிய அந்த வடிவத்தையே அரபு ஆட்சியிலும் அக்கசாலைகள் (காசு அச்சிடும் இடங்கள்) தொடர்ந்தன. ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–697) உமையா கலீஃபா அப்துல் மலிக்கின் சீர்திருத்தம் பொன் காசில் உருவங்களை நீக்கி எழுத்தை மட்டும் வைத்தது, செம்புக் காசுகளும் பிறகு அவ்வழிக்கு மாறின.

பக்கவாட்டு வெளிச்சத்தில் உருப்பெருக்கியால் பாருங்கள். உருவத்தின் ஒரு புறம் கிரேக்கத்தில் ‘கலோன்’, மறுபுறம் அரபியில் ‘பி ஹிம்ஸ்’ (‘ஹிம்ஸில்’), ‘எம்’முக்குக் கீழே அரபியில் ‘தய்யிப்’ என்று தெரிந்தால் அது ஹிம்ஸ் வகைதான் என்பதில் ஐயமில்லை. கலோன், தய்யிப் இரண்டுமே ‘நல்லது’ என்றே பொருள்படும். செல்லத்தக்க காசு என்பதற்கான இருமொழிச் சான்று அது (இவ்வகையில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே).

எடையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இக்காசுகளின் எடை சீராக இருப்பதில்லை. எழுத்துத் தெரியவில்லை என்று அமிலத்திலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்தால், பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.