இருவாச்சிப் பறவையையும் அத்தி மரத்தையும் ஒப்பிட்டால் எதில் ஒத்துப்போகும்?

ஒன்று மற்றொன்றின் பழத்தைத் தின்கிறது என்பதைத் தாண்டி ஒற்றுமை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இரண்டின் இனப்பெருக்கமும் கதவடைத்த அறைக்குள்தான் நடக்கிறது.

பெண் பெரிய இருவாச்சி முதிர்ந்த மரத்தின் பொந்துக்குள் புகுந்து, எச்சத்தையும் பழச்சக்கையையும் அப்பி வாசலை அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும்போதே அதன் பறக்கும் சிறகுகள் உதிர்ந்து மறுபடி முளைக்கும். அடைகாக்கவே ஏறக்குறைய 40 நாள். அப்புறம் குஞ்சை வளர்க்க வேண்டும். அதுவரை ஆண் பறவை தொண்டையில் அடக்கிக் கொண்டுவரும் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டும். அதில் அத்தி இனப் பழங்கள்தான் நிறைய.

அத்திக்கு வருவோம். 'அத்தி பூத்தாற்போல' என்கிறோமே, அத்தி பூக்காமல் இல்லை. நாம் பழம் என்று சொல்வதன் உட்சுவரில்தான் அத்தனை பூக்களும். நுனியில் உள்ள சிறு துளை வழியே அத்திக்குளவி என்னும் மிகச் சிறிய பூச்சியின் பெண் நெருக்கி நுழையும்போது பெரும்பாலும் இறக்கை பிய்ந்துவிடும். மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். இருவாச்சிக்குச் சிறகு திரும்பக் கிடைக்கிறது, குளவிக்குக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

வெளியே வரும் புதுக் குளவிக்கு ஆயுள் ஓரிரு நாள்தான். அதற்குள் பூத்த மரம் ஒன்று அதற்கு வேண்டும். அதனால் காட்டில் ஒரே வகை அத்தி மரங்கள்கூட எல்லாம் சேர்ந்து காய்ப்பதில்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. மற்ற மரங்களில் பழமே இல்லாத மாதத்திலும் இருவாச்சிக்குப் பழம் கிடைப்பது இதனால்தான். கண்ணில் எளிதில் படாத அளவுள்ள பூச்சியின் குறுகிய ஆயுள், மூன்று கிலோ பறவையின் வயிற்றை நிரப்புகிறது!

பதிலுக்குப் பறவை விதையைத் தூரத்தில் போடும். ஆல், இச்சி போன்ற அத்தி இன மரங்களின் விதை மரக்கிளையின் கவட்டில் விழுந்தாலும் போதும், அங்கிருந்தே வேரைக் கீழே இறக்கிவிடும்.

பெரிய வேற்றுமை வீட்டில்தான். அத்தி தன் அறையைத் தானே கட்டிக்கொள்ளும். இருவாச்சிக்கு மரத்தைக் குடையத் தெரியாது; மரங்கொத்தி போட்ட துளையோ கிளை முறிந்து உளுத்த இடமோ பெரிதாகி, தானாகக் கிடைக்க வேண்டும். அப்படி ஒரு பொந்து அமைய மரம் பல தலைமுறை நிற்க வேண்டும். உளுத்துப்போன கிழட்டு மரம்தானே, வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு பதறுகிறது.