குடியை விட்டவர் அடுத்தவருக்குக் கைகொடுக்கலாமா?

கேள்வி: தறி ஓட்டுகிறேன். குடியை விட்டு நான்கு வருடம் ஆகிறது. தெருவில் யாராவது குடியை நிறுத்த நினைத்தால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இதற்குச் சான்றிதழ் உண்டா? நான் எதுவரை செய்யலாம்?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அமெரிக்காவில் பல மாநிலங்களில் இது பயிற்சியும் சான்றிதழும் உள்ள சம்பள வேலை. நம் ஊரில் அதற்கு இணையான உரிமம் இல்லை. ஆனால் மத்திய அரசு நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்கள் குடியை விட்டவர்களையும் பணிக்கு எடுக்கின்றன, விசாரியுங்கள்.

சான்றிதழை விட முக்கியமானது முதல் நான்கு நாள். தினமும் நிறையக் குடிப்பவரை "இன்றே நிறுத்து" என்று வீட்டில் உட்கார வைக்காதீர்கள். சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்குப் பிறகு இல்லாத ஆட்களைப் பார்த்துப் பேசினால், உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெளிந்துவிடும்" என்பதை நம்பவே கூடாது. தயமின் (வைட்டமின் பி1) கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அவருடன் சேர்ந்து போங்கள். தினம் எத்தனை குவார்ட்டர், கடைசியாகக் குடித்தது எப்போது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று டாக்டரிடம் சொல்ல வையுங்கள். வெட்கத்தில் பாதியாகக் குறைத்துச் சொல்வார்கள். மருந்தின் அளவு அதை வைத்துத்தான் முடிவாகும்.

அவருக்குத் தெரியாமல் குழம்பில் டைசல்ஃபிராம் (குடியை நிறுத்த டாக்டர் கொடுப்பது) மாத்திரை கலக்க வீட்டார் உங்களிடம் யோசனை கேட்பார்கள். கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்த ஆபத்து இரண்டு வாரம் வரை இருக்கும்.

மருத்துவமனைச் சிகிச்சைக்குப் பிறகுதான் உங்கள் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கடைப்பக்கம் கால் போகும் நேரம்தான் கண்டம். அப்போது கூட நடங்கள், டீ வாங்கிக் கொடுங்கள், அறிவுரை வேண்டாம். அவர் சொன்னதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லாதீர்கள். சாகப்போவதாகப் பேசினால் மட்டும் ரகசியம் காக்க வேண்டாம்: தனியே விடாமல், வீட்டாரிடம் சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள்.

குடித்துக் கிடப்பவரைக் கூட்டிவரக் கடைக்குள் தனியாகப் போகாதீர்கள். அந்த வாடை உங்களையும் இழுக்கும்.