பூஞ்சணம் பூத்த பச்சோந்தித் தொட்டி: முதலில் ஃபாகரை அணையுங்கள்

கேள்வி: பத்து மாத ஆண் வெய்ல்டு கமீலியன் (யேமன் பச்சோந்தி) வளர்க்கிறேன். 45×45×60 செ.மீ. கண்ணாடித் தொட்டி, அடியில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்). கூட வந்த தாளில் "ஈரப்பதம் 70%-க்குக் குறையக் கூடாது" என்று இருந்ததால் ஃபாகர் (தண்ணீரைப் புகைபோல ஊதும் கருவி) நாள் முழுக்க ஓடுகிறது. இரவில் ஏ.சி. அறையில் இருக்கிறது. ஒரு மாதமாக கோகோபீட்டில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ படர்கிறது, குச்சிகளில் கரும்புள்ளி, கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. தண்ணீர் தெளிக்காமலேயே காலையில் உள்ளே எல்லாம் நனைந்து கிடக்கிறது. விற்றவர் பூஞ்சைக்கொல்லி ஸ்பிரே வாங்கச் சொல்கிறார். ஃபாகரை நிறுத்தினால் நீர் வற்றிச் செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. – வாசகர், மடிப்பாக்கம், சென்னை.

பதில்: சாகாது. ஓடவிட்டால்தான் ஆபத்து. இதைப் படித்து முடிப்பதற்குள் ஃபாகரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

குடிக்கிற தண்ணீர் வேறு, காற்றில் இருக்கும் ஈரம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் ஃபாகர் விற்கிறார்கள். உங்கள் பச்சோந்திக்கு நீர் கிடைப்பது இலையில் நிற்கும் சொட்டுகளை நக்கிக் குடிப்பதால். கிண்ணத்தில் வைத்தால் பெரும்பாலும் அதன் கண்ணிலேயே படாது. சொட்டு அசைய வேண்டும், மின்ன வேண்டும். நாள் முழுக்கப் புகை அடித்தாலும் வயிற்றுக்குள் போகும் தண்ணீர் சொற்பம், நுரையீரலுக்குள் போகும் ஈரம் ஏராளம்.

இந்த இனத்தின் சொந்த ஊர் யேமனும் சவுதி அரேபியாவின் தென்மேற்கு மலைச்சரிவுகளும். அங்கே இரவில் குளிர்ந்து பனிமூட்டம் இறங்கும். விடிந்து வெயில் ஏறியதும் எல்லாம் காய்ந்துவிடும். பகலில் 30 முதல் 50% ஈரப்பதமே அதற்குத் தாராளம். அந்தத் தாளில் இருக்கும் 70% வேறு ஏதோ இனத்துக்கோ, ஹீட்டர் போட்டுக் காற்றைக் காய வைத்திருக்கும் குளிர்நாட்டு வீட்டுக்கோ எழுதியதாக இருக்கும். யாரோ ஒருவர் காப்பி அடிக்க, அடுத்தவர் அதை ஜெராக்ஸ் எடுக்க, அது மடிப்பாக்கம் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 18 டிகிரி மலைக்காற்று 100% ஈரமாக இருந்தாலும் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 15 கிராம் நீர்தான் இருக்கும். சென்னையில் 28 டிகிரி இரவில் 80% என்றால் அதே கன மீட்டரில் 22 கிராம். ஃபாகரே இல்லாமல் நம் ஊர்க் காற்று அந்த மலைப் பனிமூட்டத்தைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேலும் புகை அடித்தால், சூடும் ஈரமும் சேர்ந்த காற்றைத்தான் அந்தப் பிராணி மூச்சில் இழுக்கிறது. சளி கட்டுவது இப்படித்தான். போதாக்குறைக்கு ஃபாகர் தொட்டியில் இரண்டு நாள் கிடந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வளர்ந்த கிருமிகளையும் அந்தக் கருவி பொடிப்பொடியாக்கி ஊதிவிடுகிறது.

இனி, தெளிக்காமலே காலையில் நனைந்து கிடப்பது. அது ஃபாகரின் வேலை மட்டுமல்ல, ஏ.சி.யின் வேலையும்கூட. இரவு முழுக்க அறை 22, 23 டிகிரியில் இருந்தால் கண்ணாடி, தொட்டிச் செடி, குச்சி எல்லாம் அந்தக் குளிருக்கு வந்துவிடும். காலை ஆறரைக்கு ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறக்கிறீர்கள். வெளிக்காற்று 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராக இறங்கும் அளவுக்கு ஈரம் சுமந்து வருகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வேர்க்குமே, அதுபோல உங்கள் தொட்டி வேர்க்கிறது. கண்ணாடிக்குள் காற்றோட்டம் இல்லாததால் அந்த வேர்வை மதியம் வரை காயாது. கோகோபீட் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே கூண்டை ஹாலுக்கு மாற்றுங்கள், இரவிலும் அங்கேயே இருக்கட்டும். இடமில்லை, படுக்கையறையில்தான் வைத்தாக வேண்டும் என்றால் ஏ.சி.யை 26-க்குக் கீழே இறக்காதீர்கள். காலையில் அணைத்த பிறகு முக்கால் மணி நேரம் ஜன்னலைத் திறக்காமல் ஃபேனை மட்டும் மெதுவாக ஓடவிடுங்கள். கூண்டு அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கலாம். தினமும் கூண்டைத் தூக்கிக்கொண்டு அறை மாற்றுவது மட்டும் வேண்டாம், பச்சோந்திக்கு அதைவிடத் தொல்லை இல்லை.

இதில் ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருப்பவர்கள் ஃபாகரைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். இரவில் கூண்டுக்குள் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரில், விளக்குகள் அணைந்த பிறகு ஃபாகர் போடலாம். நள்ளிரவுக்கு மேல் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு. கூண்டு வலைக்கூண்டாக இருக்க வேண்டும், ஃபாகர் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், விடிந்ததும் கூண்டு காய வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து இருந்தால் மட்டுமே. "அப்படியானால் ஏ.சி.யை 18-ல் வைத்து ஃபாகர் போடலாமா சார்" என்று உடனே கேட்காதீர்கள். 18-ல் வைத்தால் காலை வேர்வை இன்னும் அதிகமாகும். அந்த விலக்கு மலைக்காற்றுக்கு, மின்சாரக் குளிருக்கு அல்ல. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஃபாகருக்கு வேலையே கிடையாது.

கண்ணாடியில் இருக்கும் வெள்ளைத் திட்டுக்கு வருவோம். அது பூஞ்சணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. போர் தண்ணீர் காய்ந்தால் உப்புப் படியும். நகத்தால் கொஞ்சம் சுரண்டி, வெளியே ஒரு ஸ்பூனில் வைத்து, இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழியாகப் பொங்கிக் கரைந்தால் உப்பு. அப்படியே நனைந்து சுருண்டு கிடந்தால் பூஞ்சணம். உப்பு என்றால் ஆர்.ஓ. தண்ணீர் தெளித்தால் போதும். கொதிக்க வைத்த போர் தண்ணீர் இதற்கு உதவாது; கொதிக்க வைப்பதால் உப்பு முழுவதும் போய்விடுவதில்லை.

கோகோபீட்டில் உள்ள வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் நார் மக்கும்போது வரும் சாதாரணப் பூஞ்சை. வெய்ல்டு கமீலியனின் நாக்கையும் ஈரலையும் தாக்குகிற பூஞ்சைகள் தனியாக உண்டு. நீங்கள் பார்ப்பது அதுவென்று பதற வேண்டாம். ஆனால் பஞ்சு பூக்கிற இடம் காயாத இடம். காயாத இடத்தில் எதுவும் வளரும், அதன் வித்துகளை உங்கள் பிராணி நாள் முழுக்கச் சுவாசிக்கும். கரும்புள்ளி விழுந்த குச்சிகளை யோசிக்காமல் எறியுங்கள். மரத்துக்குள் இறங்கிய பூஞ்சணத்தை மேலே துடைத்து எடுக்க முடியாது. கோகோபீட்டை முழுவதுமாக வாரிக் கொட்டுங்கள், மறுபடி வாங்காதீர்கள். மரத்தில் வாழும் பிராணிக்குத் தரையில் மண் எதற்கு? பூச்சியைப் பிடிக்க நாக்கை விடும்போது நாரும் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போவதுதான் மிச்சம்.

கழுவும் முறை: பச்சோந்தியை வேறு அறையில் ஒரு செடியில் ஏற்றிவிடுங்கள். சோப்புத் தண்ணீரில் அழுக்கை முதலில் எடுங்கள். அழுக்கின் மேல் மருந்து வேலை செய்யாது. பிறகு கடையில் விற்கும் 4 முதல் 5% திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. நனைத்துப் பத்து நிமிடம் விட்டு, வாசனை போகும்வரை கழுவி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வரும். உப்புக்கு வினிகர் ஒரு நாள், பிளீச் இன்னொரு நாள். ஃபினாயில், டெட்டால் இரண்டும் ஊர்வனவற்றுக்கு விஷம், கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கொசுவத்தியும் சாம்பிராணியும் அப்படியே. மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். மஞ்சளோ வேறெதுவோ, தெளித்தால் அதுவும் ஈரம்தானே!

விற்றவர் சொன்ன பூஞ்சைக்கொல்லி ஸ்பிரேயை வாங்காதீர்கள். காரணம் இருக்கும்போது மருந்து அடித்தால் பத்து நாளில் மறுபடி பூக்கும், நீங்களும் மறுபடி அவரிடமே போய் நிற்பீர்கள். முதலில் கண்ணாடித் தொட்டி, அது நாறினால் ஸ்பிரே, பிராணி சோர்ந்தால் வைட்டமின் சொட்டு, செத்தால் அடுத்த குட்டிக்கு "டிஸ்கவுண்ட்". அந்த வியாபாரத்தில் ஃபாகர் ஒரு படிக்கட்டு.

இந்த ஊருக்குத் தேவை வலைக்கூண்டு. வளர்ந்த ஆணுக்கு 60×60 அகலம், 120 செ.மீ. உயரம். அலுமினியம் ஜன்னல் செய்பவரிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார். நாலு பக்கமும் மேலும் உலோகக் கொசுவலை. நைலான் வலை வேண்டாம், சிள்வண்டு ஒரே இரவில் கடித்து ஓட்டை போடும். அடியில் பி.வி.சி. ஃபோம் ஷீட். ஒரு மூலையை அரை அங்குலம் தாழ்வாக வைத்து, அங்கே 6 மி.மீ. துளை ஐந்தாறு போட்டு, கீழே ஒரு டிரே. டிரேயைத் தினமும் கொட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விடுபவர்களுக்குத்தான் கூண்டு மாற்றியும் பூஞ்சணம் வருகிறது. செடிக்கு மணி பிளாண்டும் செம்பருத்தியும் போதும், செம்பருத்தி இலையைத் தின்றாலும் நல்லதே. பூந்தொட்டி மண்ணின் மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய கூழாங்கற்களைப் பரப்பினால் மண்ணை வாயில் எடுக்காது.

தண்ணீருக்கு: விளக்கு போடுவதற்கு முன் காலை இரண்டு நிமிடம், அணைத்தபின் மாலை இரண்டு நிமிடம் இலைகளில் தெளியுங்கள், பிராணியின் முகத்தில் அடிக்காமல். பகலில் தெளிப்பே கிடையாது. மதியம் மூன்று மணிக்குச் சொட்டு நீர். மெடிக்கல் கடையில் புது ஐ.வி. டிரிப் செட் வாங்கி, சுத்தமான பாட்டிலில் பொருத்தி, கூண்டுக்கு மேலிருந்து ஓர் இலையில் விழும்படி கட்டுங்கள். ஊசி வேண்டாம். நொடிக்கு ஒரு சொட்டு என்று சக்கரத்தைத் திருகி வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 180 மில்லி. கீழே கால் லிட்டர் டப்பா வைத்தால் தரை நனையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாலைத் தெளிப்பை விட்டுவிடலாம், சொட்டு நீரை மட்டும் விடாதீர்கள்.

காலை தெளித்த இரண்டு மணி நேரம் கழித்து ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்துக் கூண்டின் நடு உயரத்தில் ஓர் இலையிலும், தரையின் தாழ்ந்த மூலையிலும் அழுத்திப் பாருங்கள். காகிதம் நனையக் கூடாது. நனைந்தால் யு.எஸ்.பி.யில் ஓடும் சின்ன மின்விசிறி ஒன்றைக் கூண்டின் மேல்வலைக்கு வெளியே, காற்றை மேலே இழுக்கும்படி வைத்து, தெளித்த பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். உள்ளே ஊதும்படி வைக்காதீர்கள், கண் காய்ந்துவிடும். ஈரப்பத மீட்டரில் 65 காட்டுகிறதா 75 காட்டுகிறதா என்று கவலைப்படுவதைவிட இந்தக் காகிதம் உண்மையைச் சொல்லும்.

மீட்டரையே நம்ப வேண்டும் என்றால், முள் ஓடும் வட்ட மீட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்குங்கள். ஒரு மூடியில் ஒரு மேசைக்கரண்டி தூள் உப்பு, சேறு போல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர். அதையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஒரு இரவு வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் அந்த மீட்டர் எப்போதும் ஏழு குறைத்துச் சொல்கிறது என்று அர்த்தம்.

நீர் போதுமா என்பதை எச்சத்தில் பாருங்கள். கரும்பழுப்பு மலத்தோடு வரும் யூரேட் கட்டி (திடமாக வரும் சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இருந்தால் நலம், ஓரத்தில் மட்டும் இளமஞ்சள் என்றாலும் பரவாயில்லை. முழுதும் ஆரஞ்சு என்றால் சொட்டு நீரை இரண்டு மணி நேரமாக்கி, கீழே வைக்கும் டப்பாவையும் பெரிதாக்குங்கள். பகலில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது, வெயில் விளக்கிலிருந்து விலகி நின்றும் வாயைத் திறந்து தலையைத் தூக்கி மூச்சு விடுவது, வாயோரத்தில் நுரை, மூச்சில் கிளிக் கிளிக் சத்தம் – இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் வேண்டாம், ஊர்வன பார்த்துப் பழகியவரைப் போனில் கேட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். அப்படிப்பட்டவர்கள் இவ்வளவு பெரிய நகரத்தில் விரல்விட்டு எண்ணும்படி இருப்பது நம் தலையெழுத்து.

சட்டப்படியான ஆவணங்கள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வெய்ல்டு கமீலியன், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிகளின்படி அதை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். "பேப்பர் அப்புறம் அனுப்புறேன்" என்றவர் அனுப்ப மாட்டார். போன் நம்பரையும் மாற்றியிருப்பார். விதி போட்டவர்கள் விற்பவன் கையைப் பிடிக்காமல் வாங்கியவரிடம் கணக்குக் கேட்பது எனக்குப் புரியாத நியாயம். இருந்தாலும் வாங்கிய ரசீது, பணம் அனுப்பிய பதிவு, பேசிய மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். தாமதமாகிவிட்டதே என்று ஒளித்து வைக்காமல் மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். "அதே மாதிரிதான் சார், விலை கம்மி" என்று நம் ஊர்ப் பச்சோந்தியை யாராவது காட்டினால் வாங்காதீர்கள். அது 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிர், வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பழைய கண்ணாடித் தொட்டியை விற்க அலைய வேண்டாம். கழுவிக் காய வைத்து, மேலே உலோக வலை போட்டு, உள்ளே நாலைந்து முட்டை அட்டைகளை நிறுத்தினால் தீனிக்கான சிள்வண்டு வைக்க நல்ல இடம். அதற்குள்ளும் தண்ணீர் தெளிக்காதீர்கள், கேரட் துண்டு போதும். சாயங்காலம் மிச்சத்தை எடுத்துவிடுங்கள், கேரட்டும் பூக்கும்.